எருக்கம்புதரில் இருப்பது வேறு பூச்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மாடு மேயும் தரிசில் எருக்கஞ்செடிகளை வண்ண வெட்டுக்கிளிகள் மொய்த்திருப்பதாகவும், 2020இல் ராஜஸ்தானைச் சூறையாடிய பூச்சி இதுதான் என்று பயந்து ஊரார் மருந்தடிக்கக் கிளம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். தயவுசெய்து தடுத்துவிடு. அது பாலைவன வெட்டுக்கிளி, இது எருக்கு வெட்டுக்கிளி, குடும்பமே வேறு. அந்த ஆண்டு மே மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இதே பயம் எழுந்தது; அதிகாரிகள் நேரில் பார்த்த பிறகே அடங்கியது.

நேற்றுக் காலை பேரனோடு எங்கள் ஏரிக்கரைக்குப் போய், ஓர் எருக்கின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீலப்பச்சை உடலில் மஞ்சள் பட்டைகளோடு ஒன்று இலை விளிம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது. கடித்த இடத்தில் பால் துளிர்த்தது. நாங்கள் முகத்தை அருகில் கொண்டுபோயும் அது தாவவில்லை. மாடு வாய்வைக்காத அந்தப் பாலின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகளுக்கு அந்த நிறமே எச்சரிக்கை. இறகு முளைக்காத வெட்டுக்கிளிக் குஞ்சு ஒன்றைப் பேரன் இரண்டு விரலால் பிடித்ததும், அது முதுகுப் பக்கத்திலிருந்து நீரைப் பீய்ச்சியது. பையன் கையை உடனே கழுவவைத்தேன்.

பாலைவன வெட்டுக்கிளியின் நிறமோ கூட்டத்தைப் பொறுத்தது. தனியாகத் திரியும்வரை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நல்ல மழையில் பெருகியவை, ஈரம் வற்றிப் பசுமை சுருங்கும்போது மிச்சமிருக்கும் புல்லில் நெருக்கியடித்துக்கொள்ள, ஒன்றின் பின்னங்கால்மீது இன்னொன்று திரும்பத் திரும்ப உரசுவதாலேயே அதன் நரம்பில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் ஏறி, சில மணி நேரத்தில் ஒதுங்கி வாழ்ந்த பூச்சி கூட்டத்தைத் தேடத் தொடங்குகிறது. அப்புறம் உடல் இளஞ்சிவப்பாகி, முதிர்ந்ததும் மஞ்சளாகும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 2 கிராம் தின்று, காற்றோடு 100 கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். 2018 மே மாதம் அரேபியப் பாலைவனத்தில் புயல் கொட்டிய மழையில் தொடங்கிய பெருக்கம்தான் 2020இல் ஜெய்ப்பூர் நகரத்துக் கூரைகளுக்கு மேல் பறந்தது. இவ்வளவும் செய்யவல்ல பூச்சியை, தனியாக இருக்கும்போது கண்டால் நீயும் நானும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

ஊராரிடம் ஒன்று மட்டும் சொல்: பயத்தில் எருக்கை வெட்டிவிட வேண்டாம். அந்தச் செடி தீர்ந்துபோனால்தான் இவை பக்கத்துத் தோட்டத்தில் வாய்வைக்கும். மழைக்குப் பிறகு தரிசு எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்