கேள்விக்குப் பதில் வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, நெறியாளர் யார் பக்கம் சாய்ந்தார், யாருக்கு எத்தனை நிமிடம் விட்டுக்கொடுத்தார் என்ற இரண்டை வைத்தே அவர்களை எடைபோட்டிருந்தது. நேரக் கணக்கு பார்க்க வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால், கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கினாரா, நழுவியவரை விடாமல் பிடித்தாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

2024 செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் ஏபிசி தொலைக்காட்சி நடத்திய டிரம்ப் – கமலா ஹாரிஸ் விவாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மாற்றாக உங்களிடம் திட்டம் இருக்கிறதா என்று நெறியாளர்களில் ஒருவரான லின்சி டேவிஸ் டிரம்பிடம் கேட்டார். டிரம்ப் அந்தச் சட்டத்தைத் திட்டினார், தான் அதைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார், திட்டத்தைச் சொல்லவில்லை. டேவிஸ் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடவில்லை. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், இன்னும் உங்களிடம் திட்டம் இல்லை, அப்படித்தானே என்று மறுபடி கேட்டார். திட்டத்துக்கான யோசனைகள் தன்னிடம் இருப்பதாக டிரம்ப் சொன்னது அதற்கு அப்புறம்தான். மறுநாள் எல்லோரும் பேசிய அந்தப் பதிலை வரவழைத்தது இரண்டாவது கேள்வி.

அதே மேடையில் முதல் கேள்வி ஹாரிஸுக்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட மக்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா என்று இன்னொரு நெறியாளரான டேவிட் மியூர் கேட்டார். ஹாரிஸ் தான் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்ததில் ஆரம்பித்து, சிறு தொழில்களுக்கான வரிச் சலுகைக்குப் போய், டிரம்பின் வரித் திட்டத்தைத் தாக்கி முடித்துக்கொண்டார். மக்கள் நன்றாக இருக்கிறார்களா, இல்லையா? மியூர் திருப்பிக் கேட்காமல் டிரம்ப் பக்கம் போய்விட்டார். அப்போது பதவியில் இருந்த துணை அதிபரிடம் இதைவிட முக்கியமாக எதைக் கேட்டுவிட முடியும்? அன்றைய நெறியாள்கையின் பெரிய குறை இதுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாறாக, டிரம்பை மட்டும் திருத்தினார்கள் என்று கட்டுரையாளர் குறைபடுகிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைத்தி நாட்டிலிருந்து வந்த குடியேறிகள் அடுத்தவர் வளர்க்கும் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்று சுமார் 6.7 கோடிப் பேர் பார்க்கும் நிகழ்ச்சியில் ஒருவர் சொல்கிறார். அந்நகர நிர்வாகியிடம் கேட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றார் என மியூர் குறுக்கிட்டது அவர் கடமை. அப்படிச் சொல்லியும் அடுத்த சில நாள்களில் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. சும்மா இருந்திருந்தால் அங்கே வாழும் ஹைத்தியர்களின் நிலைமை என்ன ஆகியிருக்கும்? நேரக் கணக்கைப் பார்த்தாலும், ஹாரிஸைவிட சுமார் 5 நிமிடம் கூடுதலாகப் பேசியவர் டிரம்ப்தான்.

திருத்துவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2012-இல் ஒபாமாவும் ராம்னியும் மோதிய இரண்டாவது விவாதத்தில், லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டதைப் பயங்கரவாதச் செயல் என்று அதிபர் ஒபாமா உடனே சொன்னாரா என்ற சர்ச்சை வந்தது. சொன்னார் என்று நெறியாளர் கேண்டி கிரவுலி அங்கேயே ராம்னியிடம் தெரிவித்தார். கையோடு, ராம்னியின் வாதத்தில் இன்னொரு பாதி சரி என்றும் சொன்னார். ஆனால் முதல் பாதிக்கே அரங்கில் கைதட்டல் எழுந்துவிட்டது, இரண்டாவது பாதி யார் காதிலும் ஏறவில்லை. பார்வையாளர் இல்லாத அரங்கு நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். 2024-இல் இரண்டு விவாதங்களும் அப்படித்தான் நடந்தன.

2020-இல் டிரம்பும் பைடனும் மோதிய கிளீவ்லாண்ட் விவாதத்தை நடத்திய கிறிஸ் வாலஸைத் தோற்றவர் என்றும், அடுத்த மாதம் நாஷ்வில்லில் நடத்திய கிறிஸ்டன் வெல்கரைக் கெட்டிக்காரர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெல்கர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் தன் 2 நிமிடத்தில் பேசும்போது மற்றவரின் மைக்கை அணைத்து வைக்கும் ஏற்பாடு வாலஸுக்குக் கிடையாது. கிளீவ்லாண்டில் நடந்த கூச்சலைப் பார்த்த பிறகே அதைக் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லாமல் இருவரையும் ஒப்பிடுவது வாலஸுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த முறை இப்படி ஒரு மதிப்பீடு வெளியிடும்போது, கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். நெறியாளர் மறுபடி கேட்டாரா என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். மதிப்பெண்ணை வாசகர்களே போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருச்சி