நீலமாக வந்த ஸ்லைடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலை ஆறு மணிக்கே "ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதே" என்று மெசேஜ் அனுப்பியதில் உனக்கு எரிச்சல் வந்திருக்கும். "சரிம்மா, நிறுத்தி வச்சிருக்கேன், ஆனா ஏன்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன்னை யாராவது கூப்பிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். நீ டாக்டர். நான் முப்பத்தோரு வருஷம் ஸ்லைடுகளுக்கு ஸ்டெயின், அதாவது சாயம், போட்ட லேப் டெக்னீஷியன். ஸ்லைடில் என்ன தெரிகிறது என்பது உன் பாடு. அந்த ஸ்லைடு உன் மேஜைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

நேற்று ராத்திரி நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எட்டு வருஷம் முன்னால் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன அம்மா. இப்போது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. அந்த நீரை எடுத்து, அதிலுள்ள செல்களைத் திரட்டிக் கட்டியாக்கி (செல் பிளாக்), ஈஆர், பிஆர் போட்டார்கள். புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் (ஈஆர்) புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் (பிஆர்) இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்டெயின்கள்; இருந்தால் நியூக்ளியஸ் பழுப்பு, இல்லையென்றால் நீலம். "ஸ்லைடு முழுக்க நீலம்மா, ஒரு நியூக்ளியஸ்கூடப் பழுப்பு இல்ல, ஈஆர் சுழியம்" என்றாய். பரிசோதனை சரியாக ஓடியதா என்று பார்க்கக் கூடவே வைக்கிற கன்ட்ரோல் திசு நன்றாக வந்திருக்கிறது என்றாய். அப்புறம் போகிற போக்கில், "பிஆர் மட்டும் அங்கங்க பத்துப் பதினைஞ்சு சதவீதம் தெரியுது" என்றாய். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கடைசி வரிதான்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உசுப்பினால்தான் செல் புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தயாரிக்கும் என்று நீ எனக்கே ஒருமுறை பாடம் எடுத்திருக்கிறாய். அப்படியென்றால் ஈஆர் சுத்தமாக இல்லாத இடத்தில் பிஆர் எங்கிருந்து வந்தது? கம்பியில் கரண்ட் இல்லை, பல்பு மட்டும் எரிகிறது என்கிற கதை. அப்படிப்பட்ட கட்டிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மிகக் குறைவு. எங்கள் லேபில் அந்த ஜோடி வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்பே நாங்கள் திரும்ப ஓட்டிவிடுவோம். பத்தில் பாதிக்கு மேல் ஈஆர் பழுப்பாக மாறி வரும். பழைய கட்டி லோபுலர் வகை, அப்போது ஈஆர் பலமாக இருந்தது என்றும் நீதான் சொன்னாய். லோபுலர் கட்டியில் ஈஆர் இல்லாமல் வருவது அபூர்வம். ஆக, இரண்டு சாட்சிகள் உன் நீல ஸ்லைடுக்கு எதிராக நிற்கிறார்கள்.

"கன்ட்ரோல்தான் நல்லா இருக்கே" என்பாய். அங்கேதான் நானே ஒருமுறை விழுந்தேன்.

மார்பகத் திசுவில் பரிசோதனை செய்யும்போது ஒரு வசதி இருக்கிறது. கட்டிக்குப் பக்கத்திலேயே சாதாரணப் பால்குழாய்கள் இருக்கும், அவற்றில் சில செல்கள் எப்போதும் பழுப்பாகும். கட்டி நீலம், பக்கத்துக் குழாய் பழுப்பு என்றால் நெகட்டிவ் என்று தைரியமாக எழுதலாம். குழாயும் நீலம் என்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். ஸ்லைடே தன்னைப் பற்றி வாக்குமூலம் கொடுத்துவிடும். நெஞ்சு நீரில் அந்தக் குழாய் ஏது? நுரையீரல் உறையிலிருந்து உதிர்ந்த மீசோதீலியல் செல், மேக்ரோஃபேஜ், லிம்போசைட் போன்ற தற்காப்புச் செல்கள், இவற்றுக்கு நடுவே கட்டுக் கட்டாகப் புற்றுச் செல்கள், அவ்வளவுதான். சாட்சி சொல்ல உள்ளே ஆள் இல்லை. நீ நம்பியிருப்பது வெளியிலிருந்து வைத்த கன்ட்ரோலை. அது என்ன? எங்கேயோ ஆபரேஷனில் எடுத்த மார்புத் திசு. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, விதிப்படி 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்த ராஜகுமாரி. உன் நோயாளியின் செல்கள் அந்த வழியாகவா வந்தன? ஏற்பியில் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியும் ஸ்டெயின் போடுகிற மெஷினும் சரி என்று கன்ட்ரோல் சொல்லும். உன் மாதிரிக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்குச் சொன்னதில்லை. நீ அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. ஒரு சனிக்கிழமை மதியம், கிளம்புகிற நேரத்தில் ஒரு ஜாடி நிறைய நீர் வந்தது. திங்கட்கிழமை செய்துகொள்ளலாம், கெடாமல் இருக்கட்டும் என்று ஆல்கஹாலை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போனேன். ஸ்மியர் போடுவதற்கு ஆல்கஹால்தானே வழக்கம், கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. திங்கட்கிழமை சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து, பிளாஸ்மாவும் த்ராம்பினும் விட்டு உறைய வைத்து, வடிதாளில் மடித்து ஃபார்மலினில் போட்டேன். பிளாக் அழகாக வந்தது. ஈஆர் போட்டோம், நீலம். கன்ட்ரோல் நல்ல பழுப்பு. டாக்டர் நெகட்டிவ் என்று எழுதினார். நாலு மாதம் கழித்து அதே பெண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டி பயாப்ஸி வந்தது. ஸ்லைடை வைத்துப் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஃபீல்டு முழுக்கப் பழுப்பு மணிகள், எள்ளை வாரி இறைத்த மாதிரி. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் "ஆல்கஹால், 2 நாள்" என்று இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்டதுமில்லை, நானாகப் போய்ச் சொன்னதுமில்லை. அந்த நாலு மாதமும் அந்தப் பெண் கீமோ வாங்கிக்கொண்டிருந்தார், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையில் தொடங்கியிருக்க வேண்டிய வைத்தியம்.

ஆல்கஹாலில் போட்டால் எப்போதும் நெகட்டிவ் வரும் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. சரிபார்த்து முறைப்படுத்திய லேப்களில் ஆல்கஹால் மாதிரியிலும் ஒழுங்காகப் போடுகிறார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும், நாம் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே பஃபர் கரைசலில் சூடாக்கி அந்தக் கட்டை அவிழ்க்கிறோம். ஆல்கஹால் கட்டிப்போடாது, நீரை உறிஞ்சி உறைய வைக்கும். அதன் பக்குவம் வேறு, சூடாக்குகிற நேரம் வேறு. ஃபார்மலினுக்கென்று வைத்த கணக்கில் ஆல்கஹால் மாதிரியை ஓட்டினால் வருகிற நீலத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எலும்புத் துண்டிலும் இதே கதைதான். சுண்ணாம்பைக் கரைக்க வீரியமான அமிலத்தில் போட்டால் ஈஆர் அதிலேயே அழிந்துவிடும்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வேலை இருக்கிறது, பாப்பா. 1896-ல் ஜார்ஜ் பீட்சன் சினைப்பைகளை எடுத்ததும் முற்றிய மார்புக் கட்டி சுருங்கியதை எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் சுருங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து அது செல்லுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று பின்தொடர்ந்தபோதுதான் ஏற்பி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பெரியவர் பழைய முறையைச் சொல்வார்: கட்டியை உடனே உறைய வைத்து, பொடித்து, கரைசலாக்கி, ஒட்டாத ஹார்மோனைக் கரித்தூளால் வடித்து எடுத்து அளப்பார்களாம். பெரிய துண்டு வேண்டும், அதில் கட்டி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஆன்டிபாடி வந்த பிறகுதான் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து எண்ண முடிந்தது, நெஞ்சு நீரில் மிதக்கிற நாலு கொத்துச் செல்லுக்கும் கேள்வி கேட்க முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுக்க ஈஆர் ஆராய்ச்சிக்கு வளர்க்கிற எம்சிஎஃப்-7 செல்களும் 1970-ல் ஒரு கன்னியாஸ்திரீயின் நெஞ்சு நீரிலிருந்து வந்தவைதான். உங்கள் லேபில் அது கிடைத்தால், நோயாளியின் நீர் போன அதே ஜாடி, அதே திரவம், அதே நேரம் என்று அதையும் கூடவே ஓட்டச் சொல். உனக்கு வேண்டிய கன்ட்ரோல் அது.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதையும் மனதில் வை. மார்பகப் புற்றுநோயில் நூற்றில் எழுபதுக்கு மேல் ஈஆர் உள்ளவை. ஆரம்ப நிலையில் ஐந்து வருஷம் அந்த வகை மாத்திரையான டாமாக்சிஃபென் எடுத்தால் பதினைந்து வருஷத்தில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஈஆர் உள்ளவர்களுக்கு மட்டும். இல்லாதவர்களுக்கு அதனால் பலனில்லை. ஈஆர் உண்டு, இல்லை என்று பிரிக்கிற கோட்டை 2010-ல் நூற்றுக்கு ஒரு செல் என்று வைத்தார்கள். 2020-ல் ஒன்றிலிருந்து பத்து வரை "குறைந்த பாசிட்டிவ்" என்று தனியாக எழுதச் சொன்னார்கள். நூற்றில் ஒன்று என்றால் எவ்வளவு மெல்லிய கோடு! கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997-லிருந்து 2005 வரை செய்த ஈஆர் பரிசோதனைகளைத் திரும்பச் செய்தபோது கிட்டத்தட்ட நானூறு பேருக்குத் தப்பான முடிவு போயிருந்தது தெரிந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009-ல் அறிக்கை வந்தது. எட்டு வருஷமாக அந்தத் தப்பு வெளியே வரவில்லை. நெகட்டிவ் சத்தம் போடாது, அதுதான் சிக்கல்.

நிஜமாகவே மாறியிருக்கவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப வந்த நோயில் ஏற்பி மாறுவது உண்டு, அதற்காகத்தானே மறுபடி பரிசோதிக்கிறோம். ஆனால் மாறும்போது ஈஆரைவிட பிஆர்தான் அதிகம் காணாமல் போகும், உன் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறது. அந்த அம்மா இப்போது என்ன மருந்தில் இருக்கிறார் என்று பார். ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி என்றால் அது ஈஆரையே சிதைக்கிற மருந்து, ஸ்டெயின் குறைந்துதான் வரும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் நாற்காலியை விட்டு எழுந்திரு. டாக்டர்கள் லேபின் உள்ளறைக்கு வராததுதான் என் முப்பத்தோரு வருஷக் குறை. ஸ்லைடு டிரேயில் வரும், ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் போகும், நடுவில் இருக்கிற எங்களிடம் ஒரு கேள்வி கிடையாது. அந்த ஜாடி எப்போது வந்தது, எதில் போட்டார்கள், ஃபார்மலினுக்கு எப்போது போனது என்று கேள். பிளாக்கைப் புதிதாக வெட்டச் சொல், எப்போதோ வெட்டி வைத்த ஸ்லைடு வேண்டாம். பக்கத்துச் சீவலில் மார்பகச் செல்லை அடையாளம் காட்டும் கேட்டா-3 ஸ்டெயின் போட்டால் எவை மார்பகச் செல், எவை மேக்ரோஃபேஜ் என்று பிரிந்துவிடும். புற்றுச் செல் நூறாவது எண்ண முடியவில்லை என்றால் நான் எண்ணிக்கையே சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. எண்ணும்போது நியூக்ளியஸ் மட்டும். சுற்றிலும் சைட்டோபிளாசம் பழுப்பாக இருந்தால் அது கணக்கில் வராது. இத்தனைக்கும் பிறகு நீலமாகவே வந்தால் நெகட்டிவ் என்று எழுது, யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆல்கஹாலில் கிடந்தது என்று தெரிந்தால் நெகட்டிவ் என்று எழுதாதே. "இந்த மாதிரியில் தீர்மானிக்க இயலவில்லை, வேறு மாதிரி தேவை" என்று எழுது. அப்படி எழுத உன் மேலதிகாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

டெக்னீஷியனிடம் கேட்கும்போது கொஞ்சம் பதமாகக் கேள். டாக்டர் பதிவேட்டைப் பார்க்கணும் என்றாலே எங்களுக்குக் கை நடுங்கும். தப்புக் கண்டுபிடிக்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். என்னிடம் அன்றைக்கு அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

புது ஸ்லைடு வந்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு. விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா