வகுத்தலைத் தனி அத்தியாயம் ஆக்காதீர்கள்

தொடக்க வகுப்புகளுக்குக் கணக்குப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு சிறுமியின் நோட்டில் 612 ÷ 6 = 12 என்று பார்த்தேன். அழகான கையெழுத்து. நடுவில் வரவேண்டிய பூச்சியம் மட்டும் விழுந்துவிட்டது. "12ஐ ஆறால் பெருக்கிப் பார்" என்றேன். "எழுபத்திரண்டு" என்றவள், நோட்டைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "அப்படியென்றால் மீதியெல்லாம் எங்கே போனது?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே முணுமுணுத்தாள்: ஆறு நூறு அறுநூறு, ஆறிரண்டு பன்னிரண்டு, நூற்றிரண்டு!

வாய்ப்பாடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வகுக்கும்போது அதுதான் கைகொடுக்கும் என்பதை மட்டும் யாரும் காட்டவில்லை. காரணம், உங்கள் நூலில் பெருக்கல் ஒரு பருவத்தில் முடிகிறது. வகுத்தல் அடுத்த பருவத்தில் புதிய விருந்தாளியாக வருகிறது. கூட்டலையும் கழித்தலையும் கைகோத்து நடத்திய நீங்கள் இவற்றை ஏன் பிரித்தீர்கள்?

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று சொல்லும் அன்றே, "எட்டை எத்தனையால் பெருக்கினால் ஐம்பத்தாறு?" என்றும் கேட்கலாமே. 8 × □ = 56 என்று கட்டம் போட்டால் போதும். குழந்தை வகுக்கத் தொடங்கிவிட்டது. குறியீடு மெல்ல வரட்டும்.

சமமாகப் பங்கிடுவதில் தொடங்குகிறீர்கள், அது சரிதான். ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறீர்கள். 12 புள்ளிகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக வைத்துப் பாருங்கள். மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு. மும்மூன்றாகக் கட்டினால் நான்கு கட்டுகள். குழந்தைக்கு இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது 3 × 4 என்ற ஒரே பெருக்கல். அதை அந்தப் புள்ளிகளிலேயே விரல் வைத்துக் காட்டலாம்.

பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று கட்டளையாக எழுதியிருக்கிறீர்கள். 0 × □ = 7 என்று கொடுத்துப் பாருங்கள். கட்டத்துக்குள் எந்த எண்ணை வைத்தாலும் பூச்சியமே வருகிறது என்று குழந்தையே கண்டுகொள்ளும்.

அடுத்த பதிப்பில் இரண்டு மாற்றங்களைக் கேட்கிறேன். ஒவ்வொரு வாய்ப்பாட்டின் கீழும் கட்டக் கணக்குகள் நான்கைந்து வேண்டும். ஒவ்வொரு வகுத்தல் கணக்கின் கீழும், ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்க்க ஒரு வெற்று வரி வேண்டும்.

அன்புடன்,
குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஒருவர்