குண்டு எழுத்தின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைப் பெயர்ப்பலகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பலகைகள் ஒரே அச்சாக இருக்கின்றன என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் முனை உருண்ட தடித்த ‘குண்டு’ எழுத்துகளை, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் போட்டுக்கொண்ட சூடு என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஈரோட்டில் எல்.இ.டி. பலகை செய்து பிழைப்பவன் என்பதால் அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

கடைக்காரர்கள் குண்டு எழுத்தைக் கேட்பது அழகுக்காக மட்டுமல்ல. உள்ளே விளக்கு வைக்கும் எழுத்தில் கோடு மெலிந்தால் எல்.இ.டி. மாட்யூலை, அதாவது சின்ன விளக்குத் துண்டை, ஒட்ட இடமிருக்காது. எழுத்தின் பக்கச் சுவருக்கு அலுமினியப் பட்டையை வளைக்கிறோம். கூர்முனை வந்தால் பட்டையில் வெட்டுக் கொடுத்து மடக்க வேண்டும். வளைவாக இருந்தால் பட்டை சொன்னபடி கேட்கும். அக்ரிலிக் தகட்டை வெட்டும் ரூட்டர் இயந்திரத்தின் சுழலும் அலகு உருண்டையானது, அதனால் உள்மூலையைக் கூராக வெட்டவே முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மரப்பலகைகளில் எழுத்து முனைகள் உருண்டிருப்பதும் இதே ரூட்டர் செய்த வேலைதான். வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979-இல் வந்த வி.ஏ.ஜி. ரவுண்டட் எழுத்துரு இந்த வகையில் பேர்போனது. ஆப்பிள் கீபோர்டுகளிலும் பல வருஷம் அதுதான் இருந்தது. அங்கே யாரும் அதைக் குழந்தைத்தனம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அப்புறம் புள்ளி. அச்சில் அது ஒரு துளி மை. பலகையிலோ தனி உருப்படி; அதற்குத் தனி ஒயர், தனி ஸ்க்ரூ. ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று எழுதினால் நான்கு புள்ளிகள். காற்று மழையில் முதலில் கழன்று விழுவதும், முதலில் விளக்கு அணைவதும் அவைதான். மெல்லிய எழுத்துக்குரிய புள்ளியில் ஒரு மாட்யூல்கூட அடங்காது. தடித்த எழுத்து எங்களுக்கு எவ்வளவு உதவி என்பது ஏணியில் ஏறிப் புள்ளி மாட்டியவருக்குத்தான் தெரியும்.

கட்டுரையாளர் கண்ட அசிங்கம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு குறியீட்டு முறை தெரியாது. படம் வரையும் மென்பொருளான கோரல்டிராவின் பழைய பதிப்பில் யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதனால் கைக்குப் பழகிய மெல்லிய எழுத்தையே எடுத்து, சுற்றிலும் அவுட்லைன் (தடித்த வெளிக்கோடு) கொடுத்து, மூலையை உருட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. பலன் என்ன? ‘கெ’ கொம்பின் சுழி அடைத்துக்கொள்கிறது. ‘மு’வும் ‘ழு’வும் கீழே கட்டியாகின்றன. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் அது ‘ண’வா ‘ன’வா என்றே தெரிவதில்லை.

தடித்த எழுத்தாகவே வரைந்தால் இப்படி ஆகாது. ‘ட’வில் வைக்கும் தடிமனை ‘ண’வுக்குள் வைக்க முடியாது, நெருக்கமான இடங்களில் கோட்டின் தடிமனைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், எழுத்தை அகலப்படுத்த வேண்டும், ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே கனமாகத் தெரிய வேண்டும். எழுத்துரு வடிவமைக்கும் மும்பையின் ஏக் டைப் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ‘பாலு தம்பி’ எழுத்துருவைத் திறந்து பாருங்கள். இந்திய எழுத்து முறைகள் பலவற்றுக்குமாகச் செய்த பாலு குடும்பத்தில் தமிழுக்கு வந்தவர் இவர். (மலையாளத்துக்கு ‘சேட்டன்’, தெலுங்குக்கு ‘தம்முடு’, பெயர் வைத்தவர் குறும்புக்காரர்.) முதலில் ஒரே தடிமன்தான் இருந்தது. பின்னர் வந்த பாலு 2-இல் ஐந்து தடிமன்கள். காசில்லாமல் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது, தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இருந்தும் பல கடைகளில் அவுட்லைன்தான் ஓடுகிறது.

வாடிக்கையாளர்கள் பங்கும் உண்டு. பெயர்ப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று அரசு விகிதம் வைத்திருக்கிறது. அதை உயரத்தில் மட்டும் காட்டிவிட்டு, நீளமான தமிழ்ப் பெயரைப் பக்கவாட்டில் நசுக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நசுக்கினால் நின்ற கோடு மெலியும், படுத்த கோடு தடித்துத் தெரியும், உருண்டை முட்டையாகும். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எழுத்துருவைத் திட்டினால் அது என்ன செய்யும்?

எல்லா இடத்துக்கும் குண்டு எழுத்து சரி என்று நான் சொல்ல வரவில்லை. விசிட்டிங் கார்டின் முகவரிக்கு, பாக்கெட்டின் பின்பக்கத்தில் காலாவதித் தேதிக்கு, இரங்கல் சுவரொட்டிக்கு அதைப் போடுபவரைத் தாராளமாகக் கேலி செய்யலாம். எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலியை அந்த எழுத்தில் பார்த்திருக்கிறேன். ஐஸ்கிரீம் கடை திறப்பு விழா போலிருந்தது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் சமையல் பக்கத்தில் ‘எண்ணெய்க் கத்தரிக்காய்’ என்ற தலைப்பை ஒருமுறை பாருங்கள். அதுவும் அவுட்லைன் கொடுத்து ஊதியதுதான். இரண்டு ‘ண’க்களும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த இதழிலாவது உங்கள் வடிவமைப்பாளர் பாலு தம்பியைப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகைத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ஈரோடு