சிகரெட் புகைப் பரிசோதனை: கணக்கை மெஷினில் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிகரெட் புகையை லேபில் சோதிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே "ஒரு சாம்பிளுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். யாராவது சிகரெட்டைப் பற்றவைத்து மனிதனைப் போலப் புகை இழுக்கும் மெஷினின் விலையை வைத்து ஒரு தொகையைச் சொல்ல, "அடேயப்பா, இவ்வளவா!" என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்த மெஷினோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பணம் போவது பெரும்பாலும் ஆள் நேரத்தில்தான்.

ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் முறைப்படி மெஷின் நிமிடத்துக்கு ஒரு தடவை, 2 வினாடி நேரம், 35 மில்லி இழுக்கும். ஒரு சிகரெட் தீர ஏழெட்டு நிமிடம். புகையைப் பிடிக்கும் வடிதாள் ஒன்றுக்கு 5 சிகரெட், சிகரெட் செருகும் 20 போர்ட் (துளை) உள்ள மெஷின் என்றால் முக்கால் மணி நேரச் சொச்சத்தில் 100 சிகரெட் எரிந்து முடிந்துவிடும். அடடா, ஒரே நாளில் பத்து பிராண்டை முடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அந்த சிகரெட்டுகள் அதற்கு முன்பே குறைந்தது 48 மணி நேரம் 22 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் இருந்திருக்க வேண்டும், அந்த அறை ராத்திரியும் விடுமுறையும் பார்க்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு சிகரெட்டிலும் எதுவரை எரியலாம் என்று கோடு போட வேண்டும். பழைய மெஷின்களில் அந்தக் கோட்டின் மேல் ஒரு பருத்தி நூல் போகும், நெருப்பு வந்து நூல் அறுந்ததும் அந்த போர்ட் நின்றுவிடும். நூல் கட்டுவதற்கே தனியாக ஓர் ஆள் வைக்கலாம் போலிருக்கும்! இழுப்பின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோப்புக் குமிழி மீட்டரை வைத்து ஒவ்வொரு போர்ட்டாகப் பார்ப்பது வேறு.

அப்புறம்தான் வேதியியல். வடிதாளை அதன் பிடிப்பானோடு எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, பழுப்பேறிய தாளை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் நிகோடினையும் தண்ணீரையும் அளக்க வேண்டும். மொத்த எடையிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தார். அதாவது தாரை யாரும் நேராக அளப்பதே இல்லை. தண்ணீர்க் கணக்கு பிசகினால் தாரும் பிசகும், மறுபடி ஒரு ரன், அதாவது எரிப்பதிலிருந்து எல்லாவற்றையும், போட வேண்டும். இப்படித் திரும்பப் போடுகிற ரன்கள், சிகரெட் இல்லாமல் ஒப்பிடப் போடும் பிளாங்க், மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எரிக்கும் ரெஃபரன்ஸ் சிகரெட் எதுவும் செலவு மதிப்பீட்டுத் தாளில் வருவதில்லை, ஆனால் சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான் போகிறது.

அளக்க வேண்டியவற்றில் இதற்கு மேலும் வேதிப்பொருள்களைச் சேர்க்கும்போது பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எத்தனை பொருள் என்பதைவிட எத்தனை விதமாகப் புகையைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். ஃபார்மால்டிஹைடு வகையறாவுக்கு ஒரு கரைசல், பென்சீன் மாதிரி ஆவியாகிறவற்றுக்குக் குளிரூட்டிய இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரன். ஆழமாக, அடிக்கடி இழுக்கும் தீவிர முறை என்றால் 30 வினாடிக்கு ஒரு தடவை 55 மில்லி, ஃபில்டரின் காற்றுத் துளைகளையும் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். புகை அதிகம் வரும், 44 மில்லிமீட்டர் வடிதாள் தாங்குவது 150 மில்லிகிராம் புகைப் படிவைத்தான், அதனால் ஒரு தாளுக்கு 5 சிகரெட் போட முடியாது, ரன் கூடும், ஆள் நேரமும் கூடும்.

சரி, யார் கொடுப்பது? தயாரிக்கிற நிறுவனம்தான், வேறு யார்? கனடா 2000-இல் கொண்டுவந்த விதிகளில் சுமார் 40 பொருள்களை அளந்து அறிக்கை தரும் பொறுப்பை நிறுவனங்கள் மீதே போட்டது. ஆனால் பணம் அவர்களுடையது என்பதற்காக லேபும் அவர்களுடையதாக இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இதில் கறாராக இருக்கிறது. அங்கே தார், நிகோடின், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் சரிபார்க்கும் லேப் புகையிலை நிறுவனங்களின் கையில் இருக்கக் கூடாது.

இவ்வளவு செலவழித்து வரும் எண்ணைப் பெட்டியில் அச்சடித்து "இது லேசானது" என்று நினைக்க வைப்பது இருக்கிறதே, அதைவிட வீண் செலவு கிடையாது. மனிதர்கள் மெஷின் மாதிரி இழுப்பதில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1967 முதல் பழகிய முறைக்குத் தந்த அங்கீகாரத்தை 2008-இல் விலக்கிக்கொண்டதும் அதனால்தான். என்னைக் கேட்டால் எல்லா பிராண்டிலும் எல்லாப் பொருளையும் வருஷா வருஷம் அளக்க வேண்டாம். பொருள்களைக் குறைத்து, கடையிலிருந்து திடீரென்று எடுக்கும் சாம்பிள்களைக் கூட்டலாம்.

இனி இது பற்றிச் செய்தி போட்டால் எந்த இழுப்பு முறை, எத்தனை ரன், எத்தனை ஆள் மணி நேரம் என்பதையும் தொகைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்