அப்பாருவின் அடமானப் பத்திரம்

திருப்பூர்

அன்புள்ள சுப்பிரமணியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடியும் தோட்டத்துக்குப் போய்வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே பத்தாம் வகுப்புக்குப் பொருளாதாரப் பெருமந்தம் நடத்தி முடித்திருக்கிறேன். அதைப் பற்றி உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாடத்தை 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததில் தொடங்கி, அமெரிக்கத் தொழிலாளரில் நான்கில் ஒருவர் வேலையிழந்ததைச் சொல்லி, அதிபர் ரூஸ்வெல்ட்டோடு முடித்துவந்தேன். இந்த முறை ஒரு மாணவி எழுந்து, "விலையெல்லாம் பாதியாக் குறைஞ்சா சனங்களுக்கு நல்லதுதானுங்களே ஐயா, அதெப்படி நெருக்கடி ஆகும்?" என்று கேட்டாள்.

மறுநாள் என் அப்பாவைப் பெற்ற அப்பாரு 1932இல் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். நீயும் பார்த்திருக்கிறாய்: ஐந்தாம் ஜார்ஜின் தலை பதித்த முத்திரைத்தாள், மடிப்புகளில் இற்றுப்போனது, கீழே மைபடிந்த கைநாட்டு. கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். நிலவரிக் கிஸ்தி 40 ரூபாய், சோளம் மூட்டை 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 மூட்டை விற்றால் போதும்; விலை 2 ரூபாயாக இறங்கினால் 20 மூட்டை விற்க வேண்டும். விளைச்சலோ அதே அளவுதான். கிஸ்தியும் வட்டியும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை என்பதைச் சொன்னதும், கேள்வி கேட்ட பெண்ணே, "அப்படின்னா கடன் தானா ரெண்டு மடங்கு ஆயிருதுங்க" என்றாள். நான் முப்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

1931இல் பிரிட்டன் தன் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்கத் திட்டத்தைக் கைவிட்ட பிறகு நம் நாட்டுத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியதற்கும் இதுவே காரணம் என்று விளக்கினேன். ஆத்தா காதில் போட்டிருந்த தண்டட்டியும் அந்த ஆண்டுகளில்தான் விற்கப்பட்டது. ராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது எங்கள் தோட்டம் கைமாறிவிட்டிருந்தது. அதே மந்தக் காலத்தில், நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த துணையோடு, கோவையில் பஞ்சாலைகள் பெருகியதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே நெருக்கடி ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்து, இன்னொருவனை ஆலை முதலாளி ஆக்கியது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

1930இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியதும் மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தி உலக வணிகமே சுருங்கியதை விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அந்நாடு நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, தன் அப்பா வாரத்தில் மூன்று ஷிப்ட்தான் பவர் டேபிள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார் என்றும், சனிக்கிழமைச் சம்பளம் பாதியானது என்றும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சொன்னான். மற்ற நாளில் வாய் திறக்காதவன் அவன்.

உங்கள் வீட்டுப் பரணில் மஞ்சள் மண்டிக் கணக்குப் பேரேடுகள் இருக்கின்றன அல்லவா? 1928 முதல் 1934 வரையிலானவை கரையான் அரிக்காமல் இருந்தால், தைப்பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. விலைகளை ஆண்டுவாரியாகப் பிள்ளைகளே எடுத்தெழுதட்டும். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
ராமசாமி