கடன், வாடகை, குடும்பம்: சட்ட உதவிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிறு காலைகளைச் சங்கத்துக்குக் கொடுத்துவரும் வழக்கறிஞர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கொடுக்க வேண்டிய படிவங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். கூரை ஒழுகல் சரிசெய்யப்பட்டது. மின்விசிறி ஒன்று இன்னும் பாக்கி.

இனி வேலையைப் பற்றி. வருகிறவர்களை இதுவரை கடன், வீடு, குடும்பம் என்று மூன்று பதிவேடுகளில் எழுதிவந்தோம். இந்த ஆண்டின் நடுவில் செயற்குழு அதைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டுக்கு மாற்றியது. காரணம் சொல்கிறேன். ஒரு பெண்மணி வந்தார். கணவர் வீட்டைவிட்டுப் போய்ச் சில மாதங்கள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். வாடகை பாக்கி ஏறிவிட்டது, ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். கணவர் வாங்கிய வண்டிக் கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வசூல்காரர்கள் இப்போது இவர் வேலை பார்க்கும் இடத்துக்கே வருகிறார்கள். எழுத உட்கார்ந்த நம் தன்னார்வலர், "அண்ணா, இவங்கள எந்த நோட்டுல எழுதட்டும்?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒரே பெயர் இரண்டு நோட்டிலும் மூன்று நோட்டிலும் வருவது கண்ணில் பட்டது. வருமானம் நின்றால் வட்டிக்கு வாங்குகிறார்கள். வட்டி கட்டினால் வாடகை நிற்கிறது. வாடகை நின்றால் வீட்டுக்குள் சண்டை. சில வீடுகளில் இதே சங்கிலி தலைகீழாக ஓடுகிறது. ஒன்றை மட்டும் பிடித்துத் தீர்த்து அனுப்பினால் ஆள் வேறு நோட்டில் திரும்பி வருகிறார்.

கடனில்தான் நம் நேரம் அதிகம் போனது, எனவே அறிக்கையிலும் அதற்கே இடம் அதிகம். 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம்மூர்ப் பெயர்களையே வரிசையாகச் சொல்லித் தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடனாளி நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிக் கணக்கு முடித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. கெடுபிடி வசூலைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் நம்மிடம் வருகிறவர்கள் தடுமாறுவது வேறிடத்தில்: வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. மனமுவந்து கொடுத்த பிளாங்க் செக்குக்கும் கடன் இருந்தது என்ற ஊகம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஊகத்தை உடைக்கலாம், ஆனால் உடைக்க வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். "எழுதாத தாள்தானே சார்" என்பவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

அடுத்தது தபால். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் இந்த விதி மாறிவிடவில்லை. செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளுக்குள் கட்டினால் குற்ற வழக்கே எழாது. ஒருவர் மளிகைப் பையில் ஏழெட்டு உறைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. "பிரிச்சா மனசு கெட்டுப்போகும்னு வச்சிட்டேன்" என்றார். அடியில் கிடந்தது, பாக்கியை 60 நாளுக்குள் கட்டச் சொல்லி வீட்டுக் கடன் கொடுத்த வங்கி அனுப்பிய நோட்டீஸ். அந்த 60 நாளும் போய்விட்டது. அதற்கு மேலே வீட்டை வங்கி கைப்பற்றுவதாகச் சொல்லும் நோட்டீஸ். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். அதில் சில நாள் மிச்சமிருந்ததால் அன்றைக்கே மனு தயாரானது. நாள் மிச்சமில்லாமல் வந்தவர்கள்தான் இந்த ஆண்டு அதிகம்.

கடன் விஷயத்தில் பெண்களிடம் நாம் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் பதிவு செய்கிறேன். கணவர் வாங்கிய கடனுக்கு, தான் கையெழுத்துப் போடாத மனைவி பொறுப்பாளி ஆகமாட்டார். கடன் வாங்கியவர் இறந்துபோனால் வாரிசுகளுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. பணத் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்க முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஜாமீன் கையெழுத்து வேறு கதை. ஜாமீன்தாரர் கடனாளியோடு சமமாக மாட்டிக்கொள்கிறார், அவரிடமே முதலில் போய்க் கேட்கவும் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. வசூலுக்கு வரும் வங்கி, நிதி நிறுவன ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் செயலிகள் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கவும் தடை உண்டு. இதை அச்சடித்து வாசலில் ஒட்டினோம். இந்த ஆண்டு நாம் செய்ததில் அதிகம் படிக்கப்பட்டது அந்தத் தாள்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுப் பிரச்சினையில் பெரும்பாலும் அட்வான்ஸ். 2017-ஆம் ஆண்டு நிலவுடைமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். ஊரில் யார் மூன்று மாதத்தோடு நிற்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சட்டம் அப்படி, வழக்கம் இப்படி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டால் பதிவே வேண்டாம் என்பது பழைய பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம்; புதிய சட்டத்துக்கு அது செல்லாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காலி செய்வதற்கான காரணமாக ஓனர் காட்டவும் முடியும் என்பதால், வாய்ச்சொல்லில் குடியிருப்பவர்கள்தான் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் உரிமை ஓனருக்கு இல்லை. நிறுத்தினால் அதே அமைப்பிடம் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சொன்ன அந்தப் பெண்மணிக்கு நம் வழக்கறிஞர்கள் எடுத்த வழி எல்லோருக்கும் தெரிய வேண்டியது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' என்பது சொந்த வீடு மட்டுமல்ல, வாடகை வீடும்தான். மாமனார் பெயரில் உள்ள வீடும் அதில் அடங்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கைநீட்டுவது மட்டுமே வன்முறை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுச் செலவையும் வாடகையையும் நிறுத்தித் தவிக்கவிடுவதும் இந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. கணவரே வாடகை கட்ட வேண்டும், அல்லது அதற்கு இணையான வேறு வீடு பார்த்துத் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஒரே மனுவில் வாடகையும் ஜீவனாம்சமும் பாதுகாப்பும் கேட்க முடிந்தது. ஜாமீன் கடனுக்கு மட்டும் தனியாக வங்கியோடு பேசித் தவணையைக் குறைக்க வேண்டியிருந்தது.

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்பது 2020 முதல் உள்ள நிலை. எனவே "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்" என்று மனுவைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப் போகிற மாதம். ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆம் பிரிவு. எண் மாறியதைப் பார்த்துப் பயந்து சிலர் வந்தார்கள், உரிமை அப்படியேதான் இருக்கிறது.

உறுப்பினர்கள் சிலர் நாம் சமரசத்தை இன்னும் அதிகம் ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மக்கள் நீதிமன்றம் நல்ல இடம்தான், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே எழுதிக் கையெழுத்திட்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. கடனாளி ஒருவர், 'சீக்கிரம் முடிந்தால் போதும்' என்ற அவசரத்தில், தன்னால் கட்டவே முடியாத தவணைக்கு ஒப்புக்கொண்டு வந்தார். ஆகவே சமரசத்துக்குப் போகிறவர்களோடு முந்தின நாளே உட்கார்ந்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று தாளில் போட்டுப் பார்த்த பிறகே அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். இதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு உண்டு, என் கருத்து இதுதான்.

இலவச சட்ட உதவிக்குப் பெண்களும், குழந்தைகளும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமானச் சான்று காட்டத் தேவையில்லை. இதைத் தெரியாமலே நகையை அடகு வைத்து வக்கீல் கட்டணம் கொடுத்தவர்களை இந்த ஆண்டும் பார்த்தோம். சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணை நம் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பொதுக்குழுவின் முன் வைப்பது இரண்டு. ஞாயிறு தவிர வாரத்தில் ஒரு மாலையைத் தபால் படித்துச் சொல்வதற்கு மட்டும் ஒதுக்க வேண்டும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, நோட்டீஸின் தேதியைப் பார்த்துக் கெடுநாளை எண்ணத் தெரிந்த இருவர் போதும். இரண்டாவது, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் கணவர் அல்லது மனைவியின் கடன், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், ஜாமீன் கையெழுத்து உண்டா என்ற மூன்று கேள்விகளையும் அவர்கள் என்ன காரணம் சொல்லி வந்தாலும் கேட்டு எழுத வேண்டும். இவற்றுக்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.